டீச்சர் வராத நாளில் பால்வாடி: ஒரு இருநூறு வருஷக் கதை

எங்க ஊர் பால்வாடி டீச்சருக்கு மாசத்துல பல நாள் வேற வேலை வந்துடும். ஒன்றிய அளவுல கூட்டம், தடுப்பூசி முகாம், புள்ளைங்க எடையைப் போன்ல ஏத்துறது, தேர்தல் நெருங்கினா வாக்காளர் பட்டியல். பக்கத்து ஊர் மையத்துல ஆள் இல்லைன்னா, ‘கூடுதல் பொறுப்பு’ன்னு அதையும் இவங்க தலையிலதான் கட்டுவாங்க. அந்த நாள்ல எல்லாம் புள்ளைங்களைப் பாத்துக்கறது ஆயாம்மாதான். சமையலும் அவங்கதான். ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் பதினெட்டு உருப்படிங்க.

பட்டணத்துல இருந்து வர்ற சொந்தக்காரங்க இதைப் பாத்துட்டு, “டிரெயினிங் இல்லாத ஒரு அம்மா எப்படிங்க இத்தனை குழந்தைங்களைச் சமாளிக்கும்?”னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா பழைய கதைகளைப் புரட்டிப் பாத்தா வேற ஒண்ணு தெரியுது. சின்னப் புள்ளைங்களைப் பாத்துக்கற வேலை, நம்ம நாட்டுலயும் சரி, வெள்ளைக்காரன் நாட்டுலயும் சரி, வாத்தியாருக்குப் பதிலா வந்து உக்காந்த ஆளுங்க கையிலதான் பெரும்பாலும் இருந்திருக்கு. அடிக்காம புள்ளைங்களை நடத்தற வித்தையில பாதி அவங்க கிட்ட இருந்து வந்ததுதான். அந்தக் கதையைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல திண்ணைப் பள்ளிக்கூடம். 1822-ல சென்னை கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவுலயும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்கன்னு கலெக்டர்கள் கிட்ட கணக்குக் கேட்டார். 1826-ல எல்லாத்தையும் தொகுத்தப்ப, சென்னை மாகாணம் முழுக்க 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்கன்னு கணக்கு வந்துச்சு. ஒரு பள்ளிக்கு சராசரியா 15 பிள்ளைங்க. தர்மபால் எழுதின ‘அழகிய மரம்’ புத்தகத்துல இந்த அறிக்கைகள் எல்லாம் இருக்கு. நம்ம ஊர் நூலகங்கள்ல கிடைச்சா எடுத்துப் படிங்க.

அதுல பல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல எழுதினதுதான் எனக்கு மறக்கவே மாட்டேங்குது. பல்லாரி இப்ப கர்நாடகாவுல இருக்கு, அன்னைக்கு சென்னை மாகாணம். காலையில பள்ளிக்கூடத்துக்கு முதல்ல வர்ற பையன் உள்ளங்கையில சரஸ்வதி பேரை எழுதுவாங்களாம். அது மரியாதை. ரெண்டாவதா வர்றவன் கையில ஒரு சுழி. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லைன்னு அர்த்தம். மூணாவது பையனுக்கு மெதுவா ஒரு அடி. நாலாவதுக்கு ரெண்டு. அப்புறம் வர வர ஒவ்வொண்ணா ஏறும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 15 பேர் இருந்தா கடைசிப் பையனுக்கு 13 அடி. எல்லாருமே கோழி கூவறதுக்கு முன்னாடி வந்து நின்னாலும் ஒருத்தன் கடைசியா வரத்தான் செய்வான். 13 அடி யாருக்காவது விழுந்தே தீரும். சீக்கிரம் வரணும்கறதுக்காக ஏற்பட்ட வழக்கம், ஆனா அடி வாங்க தினமும் ஒருத்தன் இருந்தே ஆகணும்.

பெரிய தப்புக்கு ரெண்டு கையையும் கட்டி உத்தரத்துல தொங்க விடறதும், விடாம உக்காந்து எழுந்திருக்க வைக்கறதும் உண்டுன்னு அதே அறிக்கையில இருக்கு. தொங்க விடறதுக்கு நம்ம பக்கம் கோதண்டம்னு பேரு. உக்காந்து எழுந்திருக்கறது தோப்புக்கரணம். அதை நானே போட்டிருக்கேன்.

ஆனா அதே கேம்ப்பெல் ஒரு விஷயத்தை மெச்சியும் எழுதியிருக்கார். மணல்ல விரலால எழுதிப் பழகறது, கொஞ்சம் தேறின பையனை விட்டே அடுத்தவனுக்குச் சொல்லித் தர வைக்கறது. செலவு கம்மி, நல்ல ஏற்பாடு, இங்கிலாந்துக்காரங்களே இதைப் பாத்து எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்றார். அந்தத் தேறின பையன்தான் சட்டாம்பிள்ளை. இன்னைக்கும் யாராவது ரொம்ப அதிகாரம் பண்ணினா ‘சட்டாம்பிள்ளைத்தனம்’னு சொல்றோமே, அது இங்க இருந்து வந்த பேச்சு. வாத்தியார் ஓலை எழுதறப்பவும், வெளியூர் போறப்பவும், திண்ணையில கண்ணசந்துட்டாலும் பொடிசுங்களுக்கு வாத்தியார் அவன்தான்.

இது எப்படி இங்கிலாந்து போச்சுங்கறதும் நம்ம சென்னைக் கதைதான். எழும்பூர்ல வெள்ளைக்காரச் சிப்பாய்களோட அநாதைப் பையன்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்துச்சு. 1789-ல ஆண்ட்ரூ பெல்ங்கற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதுக்குப் பொறுப்பேத்தார். ஒருநாள் குதிரையில போறப்ப, நம்ம புள்ளைங்க தரையில உக்காந்து மணல்ல எழுதறதைப் பாத்திருக்கார். நல்லா இருக்கேன்னு, தன் பள்ளியில கடைசி வகுப்புக்கும் இதையே செய்யச் சொன்னார். அங்க இருந்த உதவி வாத்தியார் முடியாதுன்னுட்டார். படிச்ச ஆளுக்கு மணல்ல எழுதறது கௌரவக் குறைச்சலாப் பட்டிருக்கும்.

பெல் என்ன பண்ணினார் தெரியுமா? ஜான் ஃப்ரிஸ்கென்னு ஒரு சிப்பாய் மகன், எட்டு வயசு. அவனைக் கூப்பிட்டு அந்த வகுப்புக்கு வாத்தியாரா உக்கார வெச்சார். அந்த வகுப்பு நல்லாத் தேறிடுச்சு. அப்புறம் பள்ளி முழுக்க இதே முறைதான். 1796-ல ஊர் திரும்பின பெல், அடுத்த வருஷம் லண்டன்ல இதைப் பத்திப் புத்தகம் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ன்னு பேரு பரவிச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல அவர் பணத்துல கட்டின பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கும் மெட்ராஸ் காலேஜ்னுதான் பேரு.

பெல்லுக்குப் பிரம்பு பிடிக்காது. பையன் தப்புப் பண்ணினா மத்த பையன்களையே நடுவரா வெச்சு விசாரிக்கச் சொல்வார். ஆனா இதே மாதிரி முறையை லண்டன்ல நடத்தின ஜோசப் லங்காஸ்டர், அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, தப்புப் பண்ணின பையனைக் கூடையில வெச்சுக் கூரையில தொங்க விட்டார். கோதண்டம் இங்க இருந்து கப்பல் ஏறிப் போகல, அங்கயும் தானா முளைச்சிருக்கு. நூத்துக்கணக்குல பிள்ளைங்களை ஒரே கூடத்துல அடைச்சு, அமைதியா இரு அமைதியா இருன்னா, எந்த நாடா இருந்தாலும் புத்தி அங்கதான் போகும் போல.

இது வரைக்கும் சொன்னது அஞ்சு வயசுக்கு மேல உள்ள பையன்களைப் பத்தி. இன்னும் சின்னதுங்க, மூக்கு சிந்தத் தெரியாததுங்க, பெத்தவங்க வேலைக்குப் போனா எங்க இருக்கும்? இந்தக் கேள்வி முதல்ல நூல் மில்லுலதான் பெருசா வந்துச்சு. ஸ்காட்லாந்துல நியூ லானார்க்குன்னு ஒரு மில் ஊர். அதோட முதலாளி ராபர்ட் ஓவன், 1816 ஜனவரி 1-ல தொழிலாளிங்க புள்ளைங்களுக்குப் பள்ளி திறந்தார். நடக்கத் தெரிஞ்சா போதும், சேத்துக்குவார். வாத்தியாரா யாரைப் போட்டார்னா, ஜேம்ஸ் புக்கனன்னு ஒரு ஏழை நெசவாளி. கூட மோலி யங்குன்னு பதினேழு வயசு மில்லுப் பொண்ணு. படிச்ச வாத்தியார் யாரையும் தேடல.

ஓவன் அவங்களுக்குச் சொன்ன சட்டம் கொஞ்சம்தான். எந்தப் புள்ளையையும் அடிக்கக் கூடாது. மிரட்டக் கூடாது. முகம் கடுக்காமப் பேசணும். கூட விளையாடறவங்களைச் சந்தோஷமா வெச்சுக்கணும்னு ஒவ்வொரு புள்ளைக்கும் சொல்லணும். புத்தகத்தை வெச்சுத் தொந்தரவு பண்ணாம, கண்ணு முன்னாடி இருக்கற சாமானைக் காட்டிப் பேசணும். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இது! இன்னைக்குக் கான்வென்ட்டுல மூணு வயசுப் புள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கறவங்க இதைப் படிக்கணும்.

அந்த நெசவாளி பின்னால லண்டனுக்குப் போய் அங்கயும் சின்னப் புள்ளைங்க பள்ளி நடத்தினார். அதைப் பாத்துக் கத்துக்கிட்ட சாமுவேல் வில்டர்ஸ்பின்ங்கறவர், 1820-ல ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்ங்கற நெசவாளிங்க பகுதியில ஒண்ணு ஆரம்பிச்சார். முதல் நாள் கதையை அவரே எழுதி வெச்சிருக்கார். அம்மாக்கள் விட்டுட்டுப் போனாங்க. ஒரு புள்ளை அழ ஆரம்பிச்சுது. அதைப் பாத்து இன்னொண்ணு. கொஞ்ச நேரத்துல அத்தனையும் ஒரே ஓலம். அவரும் சம்சாரமும் என்னென்னவோ சொல்லிப் பாத்தாங்க, எடுபடல. கடைசியா சம்சாரம் தலையில இருந்த கலர் ரிப்பன் வெச்ச தொப்பியைப் பிடுங்கி, துணி காயப்போடற கொம்பு முனையில மாட்டித் தூக்கிக் காட்டினார்.

சத்தம் கப்புனு நின்னுடுச்சு. எல்லாம் தொப்பியையே பாக்குது.

ஆனா எவ்வளவு நேரம் பாக்கும்? மறுபடி சிணுங்கல். உடனே வாத்து விளையாட்டு. எல்லாரும் வாத்து மாதிரி கத்தணும். அது அலுத்ததும் கோழியும் குஞ்சும். அப்படியே அன்னைக்குப் பொழுது போச்சு. புள்ளைங்களுக்கு முதல்ல கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் ஏதாவது கொடுக்கணும்னு அவர் புரிஞ்சுக்கிட்டது அந்த நாள்லதான். பயிற்சி புத்தகம் படிச்சு வந்த புத்தி இல்லை அது, முழி பிதுங்கி நின்னப்ப வந்த புத்தி.

இதே மாதிரி இன்னொண்ணு இத்தாலியில. ரோம் நகரத்துல சான் லொரென்ஸோன்னு ஏழைங்க பகுதி. அங்க புதுசா சீர் பண்ணின குடியிருப்புல, பெத்தவங்க வேலைக்குப் போனதும் சின்னதுங்க சுவரைக் கிறுக்கி, படிக்கட்டைப் பாழாக்கிட்டு இருந்துச்சுங்க. கட்டடத்தைக் காப்பாத்தணும்னு உரிமையாளருங்க, ஒரு அறையில அதுங்களை அடைச்சு வைக்க நினைச்சாங்க. பொறுப்பு மரியா மாண்டிசோரிங்கற பெண் டாக்டர் கிட்ட வந்துச்சு. 1907 ஜனவரி 6-ல திறந்தாங்க. மாண்டிசோரி எப்பவும் அங்க இருக்க முடியாது. தினமும் புள்ளைங்களோட இருந்தது அந்தக் கட்டடக் காவல்காரர் மகள். வாத்தியார் படிப்பு கிடையாது.

ஒருநாள் அந்தப் பொண்ணு வரக் கொஞ்சம் தாமதம். முதல் நாள் அலமாரியைப் பூட்டவும் மறந்துட்டா. வந்து பாத்தா புள்ளைங்களே அலமாரியைத் திறந்து, வேணுங்கற சாமானை எடுத்து வெச்சுக்கிட்டு அவங்கவங்க வேலையைப் பாத்துட்டு இருக்குங்க. திருட்டுன்னு அந்தப் பொண்ணு நினைச்சா. மாண்டிசோரிக்கு வேற தோணுச்சு. எது வேணும்னு புள்ளைங்களுக்கே தெரியுது, எடுத்துக்க விட்டா போதும்னு. அதுல இருந்துதான் புள்ளைங்க கைக்கு எட்டற உயரத்துல அலமாரி வைக்கற வழக்கம் வந்துச்சு. இன்னைக்குப் பெரிய ஊர்ல லட்ச ரூபாய் கட்டிச் சேக்கற பள்ளிகள்ல இந்த அலமாரியைப் பாத்திருப்பீங்க. டீச்சர் வரத் தாமதமான ஒரு காலைப்பொழுதோட ஞாபகம் அது.

இன்னொரு நாள் நாலு மாசக் கைக்குழந்தையை மாண்டிசோரி தூக்கிட்டு வந்து, பாப்பா எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க, மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கலைன்னு காட்ட, எல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துச்சுங்களாம். அது ‘மௌன விளையாட்டு’ன்னு பேர் வாங்கிடுச்சு.

இந்த அம்மா 1939-ல சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. உலகப் போர்ல இத்தாலி எதிரி நாடு ஆனதால ஊர் திரும்ப முடியாம, கொடைக்கானல்லயும் கொஞ்ச காலம் இருந்து, 1946-லதான் ஐரோப்பா போனாங்க. நம்ம தமிழ்நாட்டு டீச்சர்கள் பல பேர் அவங்க கிட்டயே நேரா படிச்சவங்க.

ஆனா அவங்க வர்றதுக்கு முன்னாடியே இந்த முறை குஜராத்துக்கு வந்துடுச்சு. கிஜுபாய் பதேகான்னு ஒரு வக்கீல், 1920-ல பாவ்நகர்ல குழந்தைகள் பள்ளி ஆரம்பிச்சார். அவர் எழுதின ‘பகல் கனவு’ தமிழ்லயும் வந்திருக்கு. ஒரு புது வாத்தியார் நாலாம் வகுப்பை எடுத்து நடத்தற கதை. முதல் நாள் ஜன்னல் எல்லாம் சாத்தி, அந்த மௌன விளையாட்டை ஆட வைக்கப் பாப்பார். பையன்கள் ஊளையிடுவானுங்க. தோத்துப் போய் அன்னைக்கு லீவு விட்டுடுவார். மறுநாள் கதை சொல்ல ஆரம்பிப்பார். அவ்வளவுதான், நகர மாட்டானுங்க. புதுசா வந்த ஆள் முதல் நாளே அமைதி கேட்டா கிடைக்காது, முதல்ல எதையாவது கொடுக்கணும்னு இதை விடத் தெளிவா யாரும் சொல்லல.

அவரோட வேலை பாத்த தாராபாய் மோடக், 1945-ல மகாராஷ்டிரா கடலோரம் போர்டிங்கற ஊர்ல கிராமத்துப் பள்ளி ஆரம்பிச்சாங்க. கூட அனுதாய் வாக். ஏழைப் புள்ளைங்க பள்ளிக்கு வரல. சரி, நாம போவோம்னு அந்தக் குடிசைங்க முற்றத்துலயே போய் உக்காந்தாங்க. முற்றத்துக்கு அங்க ‘அங்கண்’னு பேரு. அங்கன்வாடிங்கற பேர் அப்படி வந்ததுதான்.

நம்ம ஊர்ல அது வர்றதுக்கு முன்னாடி எப்படி? நடவுக்கும் களை எடுக்கவும் அம்மா போறப்ப, வரப்பு மரத்துல தூளி. தூளிக்குக் காவல் ஏழு எட்டு வயசு அக்கா. என்னை இடுப்புல வெச்சு வளத்தது எங்க பெரியக்காதான். அது மூணாவதோட நின்னுடுச்சு. பள்ளிக்கூடம் போகாத அந்தக் காலத்துப் பொண்ணுங்களைக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு தம்பி தங்கச்சியைப் பாத்துக்கத்தான் நின்னிருப்பாங்க. சம்பளம் இல்லாத பால்வாடி டீச்சருங்க அவங்க.

1975 அக்டோபர் 2-ல மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நாடு முழுக்க 33 இடத்துல ஆரம்பிச்சுது. ஆனா நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் பெரிய மாத்தம் 1982 ஜூலை 1-ல வந்த எம்.ஜி.ஆர். சத்துணவுதான். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களோட, ரெண்டு வயசு முதல் அஞ்சு வயசு வரை உள்ளதுங்களுக்கும் மையத்துல சாப்பாடு. வேலைக்கு ஆதரவில்லாத பெண்கள், கணவனை இழந்தவங்களுக்கு முன்னுரிமை. சோறு இருக்குன்னதும் புள்ளைங்க வந்துச்சுங்க. இடுப்புல இருந்த தம்பி பால்வாடிக்குப் போனதும் அக்கா பள்ளிக்கூடம் போனா. சத்துணவால எடை கூடினது பத்தி நிறையப் பேர் எழுதியிருக்காங்க, இந்த அக்காக்களைப் பத்தியும் எழுதணும்.

எங்க ஊர் ஆயாம்மா அதுக்குக் கொஞ்ச வருஷம் கழிச்சு வேலைக்குச் சேந்தவங்க. டீச்சர் இல்லாத நாள்ல அவங்க என்ன பண்றாங்கன்னு நான் உரம் வாங்கப் போற வழியில நின்னு பல தடவை பாத்திருக்கேன். கேட்டும் இருக்கேன்.

அழற புள்ளையைச் சமாதானம் பண்ணிட்டே இருக்க மாட்டாங்க. அதுகிட்ட டம்ளரைக் கொடுத்து ஆளுக்கு ஒண்ணு வெச்சுட்டு வரச் சொல்வாங்க. நாலு டம்ளர் வைக்கறதுக்குள்ள அழுகை மறந்துடும். கடிக்கற பழக்கம் உள்ளதைத் தன் முந்தானைக்குப் பக்கத்துலயே உக்கார வெச்சுப்பாங்க. திட்டறது இல்லை, கைக்கு வெங்காயச் சருகு உரிக்கக் கொடுத்துடுவாங்க. காலையில வந்ததும் பாட்டு, அப்புறம் மண்ணுல விளையாட்டு, கை கழுவறது, சாப்பாடு, பாய். இந்த வரிசை மட்டும் மாறவே மாறாது. “டீச்சர் இல்லைங்கறது புள்ளைக்குத் தெரியக் கூடாதுப்பா. வரிசை மாறுச்சுன்னா அதுங்களுக்குப் பயம் வந்துடும், பயம் வந்தா அடம் வந்துடும்”னு சொன்னாங்க.

இன்னொண்ணும் சொன்னாங்க. “அம்மா இப்ப வந்துடுவான்னு மட்டும் பொய் சொல்லக் கூடாது. தூங்கி எந்திரிச்சதும் வருவான்னு சொல்லணும். வந்துடுவாளா, அப்புறம் நம்ம பேச்சை நம்பும்.” பூச்சாண்டி வருவான், ஊசி போடற டாக்டர் வருவார்னு மிரட்டறதும் அவங்களுக்குப் பிடிக்காது. “அப்புறம் தடுப்பூசிக்கு நர்ஸம்மா வர்றப்ப யாருப்பா புடிக்கறது?”

தொப்பியைக் கொம்புல மாட்டின வில்டர்ஸ்பினைப் பத்தி ஆயாம்மாவுக்குத் தெரியாது. ஆனா அவர் ஒரே நாள்ல முழி பிதுங்கிக் கத்துக்கிட்டதை இவங்க வருஷக்கணக்கா தினமும் செய்யறாங்க. எனக்குத் தோணற காரணம் இதுதான். வாத்தியாருக்கு அதிகாரம் உண்டு, பிரம்பு உண்டு. பதிலுக்கு வந்த ஆளுக்கு ரெண்டும் இல்லை. அதனால புள்ளையோட மனசு எங்க போகுதுன்னு பாத்துத்தான் ஆகணும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்து, பிள்ளைங்களை அடிக்கறதையும் மனசு நோகப் பண்றதையும் 17-வது பிரிவுல தடை பண்ணுச்சு. அந்தச் சட்டம்கூட ஆறு வயசுல இருந்து பதினாலு வரைக்கும்தான். பால்வாடிப் புள்ளை அதுல வராது. அங்க அடி விழாம இருக்கறது ஆயாம்மா மாதிரி ஆளுங்க குணத்தாலதான்.

இந்த வேலை படிச்சவங்களுக்கும் லேசுல கைவராது. 2019 ஜனவரியில நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடிகள்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பிச்சாங்க. இடைநிலை ஆசிரியர்களை அங்க மாத்தினாங்க. நாங்க படிச்சது இதுக்கில்லைன்னு பல பேர் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க, கோர்ட்டு வரைக்கும் போச்சு. அவங்க சொன்னதுலயும் நியாயம் உண்டு, மூணு வயசுப் புள்ளையைப் பாக்கறது தனிப் படிப்பு. 2022-ல அந்த ஆசிரியர்களைத் திரும்ப எடுத்துட்டு, எதிர்ப்பு வந்ததும் மாசம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்துல தற்காலிக ஆசிரியர்களைப் போட்டாங்க. மறுபடியும் பதில் ஆள்தான்.

இப்ப தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கு மேல அங்கன்வாடி மையங்கள் இருக்கு. 2025-ல 7,783 காலியிடம் நிரப்பப் போறதா அறிவிப்பு வந்துச்சு. பணியாளர் 3,886, குறு மையப் பணியாளர் 305, உதவியாளர் 3,592. அப்படின்னா அத்தனை டீச்சர் இடத்துலயும் அது வரைக்கும் பக்கத்து ஊர் டீச்சரோ ஆயாம்மாவோதான் ஓட்டிட்டு இருந்திருக்காங்க. அத்தனை ஆயாம்மா இடத்துல டீச்சரே சமைச்சிருப்பாங்க. புதுசா சேர்ற உதவியாளருக்கு ஆரம்பத்துல மாசம் 4,100 ரூபாய். ஒரு நாளைக்குப் போட்டுப் பாத்தா எங்க ஊர்ல களை எடுக்கற கூலியில பாதிகூட வராது.

எங்க ஊர்ல வசதி உள்ளவங்க மஞ்சள் வேன்ல புள்ளைங்களை டவுனுக்கு அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. ‘டீச்சரே வர்றதில்லை, ஆயாதான் இருக்கு’ங்கறதுதான் அவங்க சொல்ற காரணம். எண்ணிக்கை குறைஞ்சா மையத்தைப் பக்கத்து ஊரோட சேத்துடுவாங்களோன்னு எங்களுக்குப் பயம் இருக்கு. சேத்தா கூலிக்குப் போறவங்க புள்ளைங்க ரெண்டு கிலோமீட்டர் நடந்து போகாது. மறுபடி தூளி, மறுபடி அக்கா.

அதனால கிராம சபைக் கூட்டத்துல ரெண்டு விஷயம் கேக்கலாம்னு இருக்கோம். டீச்சருக்கு மையத்துக்கு வெளிய இருக்கற வேலையைக் குறைக்கணும். டீச்சர் இல்லாத நாள்ல மையத்தை நடத்தற ஆயாம்மாவுக்கு அன்னைக்குரிய கூடுதல் ஊதியமும், முறையான பயிற்சியும் கொடுக்கணும். பயிற்சி கொடுக்க வர்றவங்க முதல்ல ஒரு நாள் முழுக்க அவங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டு ஆரம்பிச்சா ரொம்ப நல்லது.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்க, முடிஞ்சா லீவு ஆரம்பிக்கறதுக்கு ஒரு நாள் முன்னாடியே வந்து உங்க ஊர் பால்வாடிப் பக்கம் போய்ப் பாருங்க. பதினொரு மணிக்குப் போனா எல்லாரையும் பாக்கலாம், அப்பதான் கை கழுவற நேரம்.